டூருக்கும் ஷிப்ட் போடுகிறவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். வயது நாற்பதுக்கு முன்பின். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடை வரிசையிலும் அதைக் கழற்ற மாட்டார். வேலை, லைன் இன்சார்ஜ். காரோ லாரியோ செல்போனோ, ஏதோ ஒன்று அவர் கண்ணெதிரே நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் கொரியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ யாராவது ஏன் என்று கேட்பார்கள். வருஷம் முழுக்க அடுத்தவர் போட்ட பிளானுக்கு ஓடுகிற மனிதருக்குச் சொந்தமாகப் பிளான் போடக் கிடைக்கிற ஒரே இடம் குடும்ப டூர். சும்மா விடுவாரா?

ஆசையைக் கிளப்பிவிட்டது அமெரிக்க மச்சினன். ஆர்லாண்டோ டிஸ்னி பார்க்கப் போனவன் ஹோட்டலில் தங்காமல், பக்கத்து ஊரான கிஸிம்மியில் நீச்சல்குளத்தோடு ஒரு வீட்டையே வாடகைக்கு எடுத்து, வீடியோ காலில் அந்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். "நாமளே சமைச்சுக்கலாம் மாமா, காசு மிச்சம்" என்றான். அன்றிரவு நம்மவர் தூங்கவில்லை.

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறந்ததும் வழி பிறந்தது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் என்று மனைவியிடம் ஒப்பித்தார். கொச்சியில் 2000-ல் வீகாலேண்ட் என்று தொடங்கிய கம்பெனி, பெங்களூர், ஹைதராபாத், புவனேஸ்வர் எல்லாம் போய்விட்டுத்தான் சென்னைக்கு வந்திருக்கிறது. கேளிக்கை வரிப் பேச்சிலேயே இங்கே வருஷக்கணக்கில் இழுத்தது. "இவ்ளோ லேட் டெலிவரியா? எங்க கம்பெனியா இருந்தா சப்ளையர் லிஸ்ட்லேர்ந்தே தூக்கியிருப்பாங்க."

"ஏங்க, குயின்ஸ்லேண்ட் இங்கதானே இருக்கு? பூந்தமல்லி பஸ் ஏறினா இறங்கிடலாம்."

"எங்க கம்பெனி பஸ் தினம் அது வாசல் வழியாத்தான் போகுது. அதுக்குப் பேரு டூரா?"

இதில் அவர் கட்சிதான் நானும். நம் ஊரில் டூர் என்றால் குறைந்தது ஒரு டோல்கேட்டாவது தாண்ட வேண்டும், ஒருவராவது வாந்தி எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பது சொந்தக்காரர் வந்தால் காட்டுவதற்கு.

குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் முதல் எக்செல் ஷீட் வந்து விழுந்தது. பல் தேய்க்க நான்கு நிமிஷம், பெரியவர்களுக்கு ஆறு. குளியலறை இரண்டு, ஆட்கள் ஒன்பது. ஆகவே 'லைன் பேலன்சிங்'. யாராவது ஒரு சந்தேகம் கேட்டால் போதும், ராத்திரிக்குள் ரிவிஷன் வந்துவிடும். "புளிசாதம் கட்டிக்கலாமா?" என்று சித்தி கேட்டதற்கு ரிவிஷன் 4. வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள் என்று அதில் சிவப்பு எழுத்தில் இருந்தது. தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி ஆகாது, நைலான்தான் வேண்டும் என்று தெரிந்ததும் ரிவிஷன் 5.

அடுத்து, உயரம். வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். 140 சென்டிமீட்டரைத் தாண்டினால் முழு டிக்கெட். ஆறாம் வகுப்புப் பெண்ணைச் சமையலறை நிலைப்படியில் நிற்கவைத்து, தலைமேல் மூலைமட்டம் வைத்து, பென்சிலால் கோடு போட்டார். காலையில் 140.4. மாலையில் 139.7. தப்பில்லை, பகலெல்லாம் நின்று நடந்தால் முதுகெலும்பின் வட்டுகள் அமுங்கி எல்லோரும் கொஞ்சம் குள்ளமாவது உண்மைதான். உடனே பிளான் மாறியது: டிக்கெட் கவுண்டருக்கு மதியத்துக்கு மேல்தான் போவது, அதுவரை பிள்ளையை உட்காரவிடக் கூடாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலிப் பக்கம் ஒரு வீடு பேசி வைத்திருந்தார். போட்டோவை நம்பி அட்வான்ஸ் போடுகிற ஆளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்திலேயே பிறந்த தன் புல்லட்டில் ஏறிப் போய் ஆடிட் நடத்தினார். பிளக் பாயின்ட் எண்ணினார். நீச்சல்குளத்தில் டேப்பை விட்டு ஆழம் பார்த்தார். நீல டைல்ஸ் ஒட்டிய தண்ணீர்த்தொட்டி அது. கடைசியில் சமையலறை சிலிண்டரை, லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினார். கழுத்து வளையத்தில் காலி எடை 15.3 என்று இருந்தது. தராசு 19 காட்டியது.

"மூணு புள்ளி ஏழு கிலோதான்பா கேஸ் இருக்கு. பதினாலு புள்ளி ரெண்டு வரணும்."

வாட்ச்மேன் மிரண்டுபோய்க் கேட்டார்: "சார், நீங்க கேஸ் ஆபீஸா?"

மாமியார்தான் வர மறுத்தார். கம்பெனியில் மெஷின் நின்றால் ஐந்து தடவை 'ஏன்' கேட்டு மூலகாரணத்தைப் பிடிப்பார்கள், ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்தது. அதை வீட்டில் எடுத்துவிட்டார்.

"ஏன் வரலை அத்தை?"

"முட்டி வலி மாப்ளே."

"ஏன் முட்டி வலி?"

"வயசாயிடுச்சு இல்ல."

"இந்த வயசுக்கே ஏன் அத்தை?"

"உங்களுக்குப் பொண்ணு கொடுத்தேன் இல்ல, அதான்."

மூன்றாவது 'ஏன்' கேட்டதுமே மூலகாரணம் கிடைத்ததால் மற்ற இரண்டையும் அவர் கேட்கவில்லை. ஆனால் அத்தை பெயர் ஷீட்டில் இருந்து போகவும் இல்லை.

ரிவிஷன் 10 எல்லோருக்கும் சம்மதம். வியாழக்கிழமை கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்: வரும் ஞாயிறு வேலைநாள், ஈடாக இன்னொரு நாள் விடுமுறை. எவனோ எங்கோ வண்டி ஆர்டர் கொடுத்திருக்கிறான். இங்கே ஒன்பது பேர் பெட்டியைப் பிரித்து அடுக்க வேண்டியதுதான். இந்தத் தொழிற்பேட்டையில் எந்த டூரையும் கவிழ்ப்பது மழையல்ல, இந்த ஒரு தாள்தான். வீட்டு அட்வான்ஸ் திரும்ப வராது. தேதி மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

ஒருவழியாக ரிவிஷன் 11 புறப்பட்டது. விடிகாலை நாலரை, படப்பையில் கம்பெனி பஸ்கள் சேருவதற்குள் கடந்துவிட வேண்டும் என்பது திட்டம். கடந்தும் விட்டார்கள். ஆறு மணிக்கெல்லாம் திருப்போரூர். வாடகை வீட்டுக்குப் போன் போட்டால், "நேத்து வந்தவங்க இன்னும் எழுந்திரிக்கலை சார், ஒரு மணிக்கு வாங்க" என்றது குரல். பார்க் திறக்கவும் வெகு நேரம் இருந்தது. வேறு வழி? கந்தசுவாமி கோயில். திருச்செந்தூரில் கடலோரம், திருப்பரங்குன்றத்தில் நிலத்தில், திருப்போரூரில் விண்ணில் முருகன் போர் செய்தான் என்பார்கள். முட்டி வலிக்காரர் பிராகாரத்தைச் சுற்றி வந்து, "நல்ல பிளான் மாப்ளே" என்றார். ஷீட்டில் இல்லாத ஒரே நிகழ்ச்சி அது.

மதியத்துக்கு மேல் அதே விண்ணில், தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டரில், கால்களைத் தொங்கவிட்டபடி குடும்பமே அலறிக்கொண்டிருந்தது. நம்மவர் ஏறவில்லை. வி.ஜி.பி. சிலை மனிதர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பைகளுக்கு நடுவே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நடைக்கு எத்தனை பேர், ஏறி இறங்க எவ்வளவு நேரம் என்று எழுதிய தாள் என் கைக்கு வந்தபோது சொன்னார்: "ரைடு வேகமாத்தான் போகுது சார். பெல்ட் மாட்டுற இடத்துலதான் நிக்குது. ரெண்டு ஆள் கூடப் போட்டா அவுட்புட் எகிறிடும்." அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஏற்காடு ஷீட் தயார். உங்கள் வீட்டு குரூப்பிலும் இப்படி ஒன்று வந்தால், படிக்காவிட்டாலும் பரவாயில்லை, 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். சந்தேகம் மட்டும் கேட்காதீர்கள்.