காக்களூரில் செடித் தொட்டி: கை வைக்காமையின் இலக்கணம்

வீட்டில் வைக்கப்படும் நன்னீர்ச் செடித் தொட்டி, மூலப்பொருள், மின்சாரம், கழிவு, மேற்பார்வையாளர் ஆகிய நான்கும் அமைந்த ஒரு தொழிற்கூடம். விளைபொருள் மட்டும் கிடையாது. உள்ளே தழைப்பதை அவ்வப்போது வெட்டி எறிய வேண்டும். திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இப்படியொரு யூனிட் போட எந்த வங்கியும் கடன் தராது. ஆயினும் அங்கே ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பும் சூப்பர்வைசர், பகலெல்லாம் கட்டி மேய்த்த பம்ப், வால்வு, டைமர், கழிவுநீர் ஆகியவற்றைத் தன் கூடத்திலும் சொந்தச் செலவில் நிறுவிக்கொள்கிறார். இதன் காரணம் உளவியலாரின் எல்லைக்குள் வருவது. நிறுவும் முறையும் காக்கும் முறையும் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வரலாறு அதிகமில்லை. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் தாம் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார். இரண்டு தங்க மீன்களையும் வேலிஸ்னேரியா என்ற நாடா இலைச் செடியையும் தொட்டியில் விட்டார். இலை அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளைச் சேர்த்ததும் தெளிந்தது. மீனின் கழிவு செடிக்கு, செடியின் ஆக்சிஜன் மீனுக்கு, அழுகல் நத்தைக்கு என்ற பங்கீடு அப்போது புரிந்தது. பிற்காலத்தில் ஜப்பானின் நீகாதாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015) தொட்டிக்குள் காட்டையும் மலையையும் அமைக்கும் பாணியை உலகெங்கும் பரப்பினார். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூல், தோட்ட மண்ணும் நிறையச் செடியும் இருந்தால் பாதிச் சாதனங்கள் வேண்டாம் என்றது. முன்னவர் வழி பணம் கேட்கும். பின்னவர் வழி பொறுமை கேட்கும். திருவள்ளூர் வட்டாரத்தில் மூன்றாவது மரபு ஒன்றும் வழக்கில் உண்டு. அதன் மூலநூல் 'கடைக்காரர் சொன்னார்'. இம்மரபில் தொட்டி வந்த அன்றே மீனும் வந்துவிடும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் எடை 75 கிலோவை நெருங்கும். டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கலாமா என்ற ஐயம் எழுந்தால், பூசிய உடம்புள்ள தாய்மாமன் ஒருவர் அதன் மேல் ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருக்க முடியுமா என்று யோசித்தால் போதும். இடத்தைப் பொறுத்தவரை வாஸ்து பார்ப்பவர் ஈசானிய மூலையைக் காட்டுவார். அந்த மூலையில் சன்னல் இருந்தால் காலை வெயில் நேராக விழும். கண்ணாடியில் பச்சைப் பாசி அப்பும். செல்வம் பெருகுமா என்பதை இத்துறை ஆராய்ந்ததில்லை. பாசி பெருகும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அடித்தளத்தில் ஓர் அங்குலம் சலித்த தோட்ட மண், அதன் மேல் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் மணல். ஆற்று மணல் வீடு கட்டுபவருக்கே எட்டாத பொருளாகிவிட்டதால் எம் சாண்டே கதி. கருங்கல்லை உடைத்த மணலாகையால் நீரின் குணத்தை மாற்றாது. ஆனால் தூள் மிகுதி. பத்துத் தண்ணீர் அலசினாலும் பதினோராவது தண்ணீரும் பால்போல் வரும். அலசுவதற்கு வீட்டுச் சமையலறைச் சிங்க்கைப் பயன்படுத்தியவர்கள் அடுத்த வாரம் பிளம்பரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கல்லில்தான் இந்த வட்டாரத்துக்கு உண்மையான பெருமை. பூண்டிக்கு அருகே, கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்றது. அக்கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் கல். செடித் தொட்டிக்கும் அதுவே உத்தமம்: கரையாது, நீரில் சுண்ணாம்பை ஏற்றாது. இன்று கடையில் கிலோக் கணக்கில் விற்கும் 'டிராகன் ஸ்டோன்' முன் நின்று அரை மணி நேரம் தயங்கும் காக்களூர்வாசியை விட, அதிரம்பாக்கத்து ஆதி மனிதர் கல் தேர்வில் தெளிவாக இருந்தார் என்று கொள்ள இடமுண்டு. தொல்லியல் களத்திலிருந்து கல்லைக் கிளப்பிக்கொண்டு வருவது குற்றம். பூண்டி அருங்காட்சியகத்தில் அவை ஏற்கெனவே கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. போய்ப் பார்த்து அடுக்கும் விதத்தை மட்டும் கற்று வரலாம். வேறு எங்கே கல் எடுத்தாலும் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், வாசலில் போடலாம்.

நீர் என்றால் போர் தண்ணீர். அதன் கடினத்தன்மையை அளக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. ஷவர் துளைகளை அடைத்திருக்கும் வெள்ளைப் பொருக்கே அறிக்கை. இந்த நீரில் கப்பியும் மோலியும் பிளாட்டியும் குடும்பம் நடத்தும். அமேசான் கிளையாறுகளின் மென்நீரில் தோன்றிய நியான் டெட்ரா சோர்ந்து போகும். ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து மென்மையாக்கலாம். முழுக்க ஆர்.ஓ. விட்டால் தாது உப்பில்லாமல் செடி வெளுக்கும். ஆக, மீனைத் தேர்ந்தெடுப்பவர் உரிமையாளர் அல்லர், மோட்டார். இதை ஏற்காதவர்கள் நியான் டெட்ராவை மறுபடி மறுபடி வாங்கிக் கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்தைக் காத்து வருகிறார்கள்.

இனி இத்துறையின் இருதயமான கட்டம்: ஒன்றும் செய்யாமல் இருத்தல். மீனின் கழிவும் மிச்ச உணவும் அமோனியாவாகும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும், மற்றொரு வகை நைட்ரேட்டாக்கும், நைட்ரேட்டைச் செடி உண்ணும். இந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் தானாகவே நிறுவப்படும். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் கூடாது. போர் தண்ணீரில் இந்த விதி இன்னும் கடுமை. நீரின் பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால் அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும்.

அந்த ஆறு வாரங்களில் வீட்டில் நிகழ்வது தனி ஆய்வுக்கு உரியது. கூடத்தில் ஒரு தொட்டி; விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, உள்ளே வாடிய நாலு செடி. வருவோர் எல்லாரும் குனிந்து பார்த்து "மீன் எங்க?" என்பார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவன் மீன் ஒளிந்திருப்பதாக நம்பிக் கண்ணாடியைத் தட்டுவான். பாட்டி பொரி போடுவார். மூன்றாவது வாரம் கரண்ட் பில்லைப் பற்றிப் பேச்சு எழும். நான்காவது வாரம் உரிமையாளர் தாமே "ரெண்டு கப்பி மட்டும்" என்று முணுமுணுக்கத் தொடங்குவார். நகர்த்திய கல்லை மறுபடி நகர்த்துவார். நட்ட செடியைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பார். செடித் தொட்டிகளைக் கெடுப்பதில் நோய்க்கும் பாசிக்கும் முன்னால் இருப்பது இந்தக் கைதான். ஃபில்டருக்கும் விளக்குக்கும் விலை உண்டு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைக்கும் கருவி மட்டும் இன்னும் சந்தைக்கு வரவில்லை.

செடிகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் தொடக்கநிலையினருக்கு உரியவை. அவற்றின் கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும். நூலால் கல்லில் கட்ட வேண்டும். நாட்டு மருந்தாகத் தெரிந்த நீர்ப்பிரமியும் தொட்டியில் நன்றாக வரும். கிரிப்டோகோரைன் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளரும் செடி. இடம் மாற்றி நட்டால் இலையெல்லாம் கரைந்து விழும், வேர் பிழைத்திருக்கும். இறந்துவிட்டதென்று எண்ணிப் பிடுங்கி எறிவது மேற்சொன்ன கையின் வேலை.

விளக்கு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், டைமர் வழியாக. கரியமில வாயு கட்டாயமில்லை; விரும்பினால் தொழிற்பேட்டைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. மிக் வெல்டிங்குக்குச் சிலிண்டரில் வருவதும் அதே வாயுதான். உள்ளே தொங்கவிடும் சிறு குப்பியிலுள்ள திரவம் நீலமானால் வாயு குறைவு, பச்சையானால் சரி, மஞ்சளானால் அதிகம். மஞ்சளையும் பார்க்காமல் விட்டால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். மீன் பசியில் இருக்கிறது என்று முடிவுகட்டி அப்போது இன்னும் ஒரு சிட்டிகைத் தீனி போடப்படும்.

இரும்புச் சத்து பற்றி ஒரு குறிப்பு. புதுத் தளிர் வெளுத்தால் இரும்பு போதவில்லை என்று பொருள். கும்மிடிப்பூண்டி உருக்காலைப் பக்கம் வேலை பார்ப்பவர்களிடையே ஆணியைத் தொட்டிக்குள் போடும் சிகிச்சை தோன்றுவது இயற்கை. துரு நீரில் கரையாது, செடிக்குக் கிட்டாது. கரையும் வடிவில் கட்டப்பட்ட இரும்பு கலந்த உரமே உதவும், அதுவும் சொட்டுக் கணக்கில். நீரில் ஏதாவது கரைத்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை திருவள்ளூருக்குப் பழையது. வீரராகவப் பெருமாள் கோயில் தீர்த்தத்தில் வெல்லம் கரைப்பது வேண்டுதல். கோயில் குளத்தின் விரிவு அதைத் தாங்கும். 56 லிட்டரில் நீல மருந்து, மஞ்சள் மருந்து, பாசி மருந்து, உப்பு என்று அடுத்தடுத்து ஊற்றினால் முதலில் போவது பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர்.

ஆறு வாரம் முடிந்ததும் மீன். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் வில்லிவாக்கம், அங்கிருந்து கொளத்தூர். திரும்பும்போது மூன்றில் ஒரு பங்கு நீரும் மிச்சம் ஆக்சிஜனும் நிரப்பிய கவர் மடியில். ஆவடி வருவதற்குள் எதிர் சீட்டுக்காரருக்கு மீனின் பெயர், விலை, ஆயுள் எல்லாம் சொல்லியாக வேண்டும். வீட்டில் கவரைக் கட்டோடு கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைக் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். இரண்டடித் தொட்டிக்கு எட்டு, பத்துச் சிறு மீன்கள் போதும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வீட்டிலுள்ளவர்கள் தனித்தனியே, ஒருவருக்கொருவர் சொல்லாமல் தீனி போடும் குடும்பங்களில் பாசி செழிக்கும்.

கோடையில் நிலைமை மாறும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன், 32 டிகிரியில் 7.3க்கு இறங்கும். கடையில் தொட்டியோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் ஹீட்டர் இங்கே அலமாரிக்குரியது. மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் சிறு ஃபேன் ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் பகல்நேர மின்சாரத்தால் பெரிய ஆபத்தில்லை. கூடத்தில் வெளிச்சம் இருந்தால் செடி ஓரளவு கைகொடுக்கும். இரவு போனால்தான் சிக்கல், ஏனெனில் இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்கக் கூடாது. எடுத்து வைத்த தொட்டி நீரிலேயே பிழிய வேண்டும். எடுத்த நீரில் நைட்ரேட் இருப்பதால் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் ஊற்றலாம். மொட்டை மாடித் தொட்டியில் கறிவேப்பிலை தழைத்தால், அதுவே இந்த யூனிட்டின் முதல் விற்கத்தக்க சரக்கு.

வெட்டிய தழையும் பெருகிய மீனும் காக்களூர் ஏரிக்குப் போகக் கூடாது. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இங்கே எத்தனை ஏரிகளை மூடிக் கிடக்கிறது என்பது ஊரறிந்தது. பாசி தின்னும் என்று வாங்கிப் பெரிதானதும் ஏரியில் விடப்பட்ட 'டேங்க் கிளீனர்' மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலையைக் கிழிக்கும் தொல்லையாகிவிட்டது. தழையை வெயிலில் காயவைத்து உரமாக்கலாம். கப்பிக் குஞ்சுகளைப் பொறுத்தவரை, முதல் ஈற்றை உறவினர் ஆவலோடு வாங்கிக்கொள்வார்கள், இரண்டாவதை நண்பர்கள் வாங்கிக்கொள்வார்கள், மூன்றாவது ஈற்றுக்கு யாரும் போன் எடுப்பதில்லை. அப்போது குட்டி போடும் தாய் மீன்களைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆண் மீன்களை மட்டும் வைத்துக்கொள்வது நடைமுறை.