கிராஸ் போச்சு சார்!

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. அதற்கு கிராஸ், அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் முனையின் மூட்டு, மாற்றும் தொழில் மட்டும் நிற்கவில்லை.

கிளட்சை விட்டதும் வண்டிக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் படுத்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத் திருகிப் பார்த்து, "கிராஸ் போச்சு சார்" என்பார். புது கிராஸ் ஏறும். சில மாதத்தில் மறுபடியும் 'டங்'. இப்போது குற்றவாளி டூப்ளிகேட் ஸ்பேர். அடுத்த தடவை ரோடு. அதற்கும் அடுத்த தடவை, ஓனரின் கிளட்ச் கால்.

நிஜக் குற்றவாளி வேறு. சாய்வில் சுழலும் ஒரு கிராஸ் ஜாயின்ட், சுற்றுக்கு இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனை ஜாயின்ட் அதற்கு எதிராக ஆடிக் கணக்கை நேர்செய்யும். அதற்கு ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். கழற்றும்முன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் தீர்ந்தது. கோடு போடாமல் ஸ்ப்ளைனில் பல் தள்ளி மாட்டினால் இரண்டு ஜாயின்டும் கூட்டணி சேர்ந்து அதிரும். தங்கத்தில் கிராஸ் போட்டாலும் தாங்காது. கியர்பாக்ஸ் மவுன்ட் ரப்பர் தொய்ந்து கோணம் மாறினாலும் இதே கதிதான். கிராஸுக்கு கிரீஸ் ஏற்றும் நிப்பிளைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதைச் சேற்றிலிருந்து மீட்கத் தொல்லியல் துறைதான் வர வேண்டும்.

எங்கள் தெரு வண்டி ஒன்றுக்கு யாரோ ஒரு பையன் கோடு பார்த்து மாட்டி, ரப்பரையும் மாற்றிவிட்டான். சத்தம் போயே போச்சு. ஓனருக்குத்தான் தூக்கமில்லை: "இவ்வளவு கம்மியா பில் போட்டிருக்கானே, வேலையை ஒழுங்கா செஞ்சிருப்பானா?"