நான் எதுக்கு லாயக்கு? கும்பளங்கியிலிருந்து பதில்கள்

இந்த முறை உங்கள் கேள்விகளைக் கையோடு கும்பளங்கிக்கு எடுத்து வந்துவிட்டேன். கொச்சிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த தீவுக் கிராமம். மட்டாஞ்சேரியிலிருந்து பள்ளுருத்தி, பெரும்படப்பு வழியாகப் பாலம் ஏறினால் வந்து சேரலாம். கடிதங்கள் பல ஊர்களிலிருந்து வந்திருந்தாலும் கேட்பது ஒன்றைத்தான்: எனக்குப் பொருந்துகிற வேலையை நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

கே: வேலை பற்றிய கேள்விக்குப் பதில் எழுத மீன் பிடிக்கிற ஊருக்கு எதற்குப் போக வேண்டும்? (ஈரோடு வாசகர்)

ப: தன்னைத்தானே அளந்து பார்த்து வேலை தேடிக்கொண்ட ஊர் இது. 2003-இல் கேரளச் சுற்றுலாத் துறை கும்பளங்கியை மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக எடுத்துக்கொண்டது. இந்தியாவிலேயே அப்படிப்பட்ட முதல் கிராமம் என்ற பெயரும் கிடைத்தது. இங்கே மலை இல்லை, அருவி இல்லை, அரண்மனை இல்லை. இருந்ததெல்லாம் காயல், கரையோரச் சீனவலைகள், நண்டு, இறால், கரிமீன், பொக்காளி நெல்வயல், தேங்காய் நாரைக் கயிறாகத் திரிக்கத் தெரிந்த பெண்கள், வந்தவருக்கு இலை போட்டுப் பரிமாறத் தெரிந்த வீடுகள். ஊர் அதைத்தான் பட்டியல் போட்டது. வலை இறக்குவதும் கயிறு திரிப்பதும் வெளியூர்க்காரர்கள் பணம் கொடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலைகளாயின. காலியாகக் கிடந்த அறை ஹோம்ஸ்டே ஆனது.

எனக்கு வருகிற கடிதங்களில் முதல் பத்தி எப்போதும் ‘எனக்கு இங்கிலீஷ் வராது, கணக்கு வராது, கூச்சம் அதிகம்’ என்றுதான் தொடங்குகிறது. இனி எழுதுகிறவர்கள் தயவுசெய்து வருவதை முதலில் எழுதுங்கள். வராததற்குக் கடைசிப் பத்தியில் இடம் ஒதுக்கித் தருகிறேன்.

கே: இணையத்தில் ஒரு தேர்வு எழுதினேன். நான் ‘கலை உள்ளம்’ கொண்டவளாம். வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். யாரை நம்புவது? (கோவை வாசகி)

ப: இருவரையும் கொஞ்சம் காக்க வையுங்கள். நீங்கள் எழுதிய தேர்வின் மூலவர் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்தில் ஆட்களை நேர்காணல் செய்து வகைப்படுத்துகிற வேலையில் இருந்தார். மனிதர்களின் விருப்பங்களைச் சில வகைகளுக்குள் கொண்டுவரலாம் என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது. 1959-இல் அதைக் கோட்பாடாக வெளியிட்டார். கையால் செய்கிறவர், ஆராய்கிறவர், படைக்கிறவர், பிறருக்குத் துணை நிற்கிறவர், முன்னின்று நடத்துகிறவர், ஒழுங்குபடுத்துகிறவர் என்று ஆறு வகை.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. ஒருவர் ஒரே வகைதான் என்று ஹாலண்ட் சொல்லவில்லை. முதலில் வரும் மூன்று வகைகளையும் சேர்த்துத்தான் படிக்கச் சொன்னார். உங்கள் தாளில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் என்ன வந்தது? அதை நீங்கள் எழுதவே இல்லை. படைப்பும் ஒழுங்கும் சேர்ந்து வந்திருந்தால் புத்தக வடிவமைப்பு, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் என்று நிறைய வாசல் உண்டு. படைப்பும் முன்னின்று நடத்துவதும் என்றால் விளம்பரத் துறை. இங்கே ஹோம்ஸ்டே நடத்துகிற பெண் காலையில் கணக்கு எழுதி, மதியம் கறி சமைத்து, மாலையில் வெளிநாட்டுக்காரருக்கு ஓலை முடையக் கற்றுத்தருகிறார். ஆறில் எந்த ஒன்றில் அவரை அடைப்பீர்கள்?

இன்னொன்று: அது உங்கள் விருப்பத்தை அளக்கிற தேர்வு, திறமையை அளக்கவில்லை. வரையப் பிடிக்கிறதா என்று கேட்டது, வரைய வருகிறதா என்று பார்க்கவில்லை. அதைப் பார்க்க உங்கள் ஓவியத்தை, உங்களைத் தெரியாத ஓர் ஓவியரிடம் காட்ட வேண்டும்.

கே: பதினாறு வகை ஆளுமை என்று ஒரு தேர்வு இருக்கிறதே, அது? (திருச்சி வாசகர்)

ப: காத்தரீன் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது. இருவருமே முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர். சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. நண்பர்களோடு உட்கார்ந்து பேச நல்ல விஷயம். அதை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கே: அப்பா மீனவர். நான் பிளஸ் டூ. படகில் போய்ப் பழக்கம், வேறொன்றும் தெரியாது. ‘உங்கள் திறமைகளை எழுதுக’ என்ற படிவத்தில் எதுவும் எழுதாமல் கொடுத்துவிட்டேன். (நாகப்பட்டினம் வாசகர்)

ப: தம்பி, அந்தப் படிவத்தை மறுபடி வாங்குங்கள். சேர்ந்தே நிரப்புவோம்.

இங்கே சீனவலை இயக்குகிறவர்களைப் பாருங்கள். மரச்சட்டங்களில் கட்டிய பெரிய வலை ஒரு பக்கம், கயிற்றில் தொங்கும் கற்கள் மறுபக்கம். பெரிய வலைக்கு நான்கைந்து பேராவது வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், ஒருவர் முந்தினாலும் வலை சரியும். ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். இரவில் வலைக்கு மேலே விளக்கு கட்டி மீனை வரவழைக்க வேண்டும். எடை, நேரம், நீரோட்டம், கூட்டுவேலை எல்லாம் இதில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் இவற்றுக்கு மதிப்பெண் போடுகிறவர் இல்லை, அதனால் நாமும் திறமையென்று எண்ணுவதில்லை.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். என்ஜின் நடுக்கடலில் நின்றபோது யார் சரிசெய்தது? நீங்கள் என்றால் எழுதுங்கள்: டீசல் என்ஜின் பழுது பார்ப்பேன். ஜி.பி.எஸ். பார்த்துக் கரை திரும்பியிருக்கிறீர்களா? எழுதுங்கள். ஏலக்கூடத்தில் விலை பேசியது யார்? வலை கிழிந்தால் பின்னியது யார்? காற்று மாறியதைப் பார்த்து ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறீர்களா? ஆபத்தைக் கணித்து முடிவெடுப்பது அது. கப்பல் கம்பெனிகள் அதற்குச் சம்பளம் கொடுக்கின்றன. ‘எனக்குத் தெரியும்’ என்று மொட்டையாக எழுதாமல் எப்போது, எங்கே, என்ன செய்தேன் என்று ஒரு வரி சேர்த்தால் படிப்பவர் நம்புவார். அதைவிட முக்கியம், நீங்கள் நம்புவீர்கள்.

எழுதி முடித்ததும் எந்த வரிகளை எழுதும்போது கை வேகமாக ஓடியது என்று பாருங்கள். என்ஜின் பக்கம் ஓடியிருந்தால் சிஃப்நெட் என்கிற மத்திய மீன்வள நிறுவனத்தை விசாரியுங்கள். தலைமையகம் கொச்சியில், கிளை சென்னையிலும் உண்டு. மீன்பிடிக் கலங்களை ஓட்டவும் அவற்றின் எந்திரங்களைப் பராமரிக்கவும் பத்தாவது முடித்தவர்களுக்கே அங்கே பயிற்சி இருக்கிறது. கடல் உயிர்கள் பக்கம் ஓடியிருந்தால் உங்கள் ஊரிலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கொச்சியில் பெயர் பெற்று நிற்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது; அதன் தலைமையகம் முன்பு பல ஆண்டுகள் இருந்தது நம் மண்டபம் ஊரில்தான். கடலைப் பற்றித் தெரிவது ஒன்றுமில்லாததாகாது, தம்பி. ஒரு பெரிய அறிவியல் அதன்மேல் நிற்கிறது.

கே: மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக இருக்கிற தமிழ்க் குடும்பம். வயது 46. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. இனி என்ன செய்ய முடியும்? (மட்டாஞ்சேரி வாசகி)

ப: சகோதரி, ‘வேலைக்குப் போனதில்லை’ என்பதை ‘சம்பளம் வாங்கியதில்லை’ என்று திருத்திக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்ததும், தெருப் பெண்களுக்குச் சீட்டு நடத்தி ஒருவரும் ஏமாறாமல் முடித்ததும், மூன்று மொழியில் பேசுவதும் போகிற போக்கில் வருகின்றன. அதைப் படித்துவிட்டு எழுந்து கைதட்டினேன்.

உங்களுக்கு ஆன்லைன் தேர்வு வேண்டாம். ஒரு மாதம், யார் யார் உங்களிடம் எதற்காக வருகிறார்கள் என்று குறித்து வையுங்கள். கஷாயம் கேட்டு வருகிறார்களா, கடிதம் எழுதித் தரச் சொல்லியா, சண்டையைத் தீர்த்து வைக்கவா? நம்மிடம் என்ன இருக்கிறது என்பது பல நேரம் நமக்கு முன்பே அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருக்கும். கேரளத்தில் 1998 முதல் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுக்கள் இப்படிப்பட்ட கைகளை வைத்துத்தான் உணவகமும் தையலகமும் நடத்துகின்றன. உங்கள் வார்டில் குழு எங்கே கூடுகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

ஹோம்ஸ்டே ஆசையும் எழுதியிருக்கிறீர்கள். முதல் போடும் முன் கும்பளங்கியில் தெரிந்த வீடொன்றில் இரண்டு மூன்று நாள் கூடமாட வேலை செய்து பாருங்கள். சமையல் வருகிறவர்கள் எல்லோருக்கும், அறிமுகமில்லாத ஆள் காலையில் சமையல்கட்டில் வந்து நின்று பேசுவது பிடித்துவிடாது. பிடிக்கிறதா என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

கே: ‘கும்பளங்கி நைட்ஸ்’ பார்த்தீர்களா? அதில் வேலை பற்றி ஏதாவது உண்டா? (சேலம் வாசகர்)

ப: 2019-இல் வந்த அந்த மலையாளப் படத்தைப் பலரும் காதலுக்காகவும் சகோதரர்களுக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு வேலைக்காக நினைவிருக்கிறது. கல்யாணம் என்றதும் சகோதரர்களில் ஒருவனான பாபிக்கு வேலை தேவைப்படுகிறது, மீன் கம்பெனிக்குப் போய்ப் பார்க்கிறான். அண்ணன் சஜியோ, தேய்ப்புக்கடை நடத்துகிற தமிழரான முருகனின் உழைப்பில் காலம் தள்ளுகிறான். ரமேஷ் திலக் நடித்த அந்த முருகன்தான் படத்தில் தனக்கு என்ன வேலை தெரியும் என்று சந்தேகமில்லாமல் அறிந்தவர். கொச்சிக்கு இது புதிதல்ல. ஃபோர்ட் கொச்சி சலவைத் துறையில் தலைமுறைகளாகத் துணி வெளுத்துத் தேய்ப்பவர்கள் தமிழர்கள்தாம்.

கே: இது எனக்கு நான்காவது வேலை. கால் தரிக்காதவன் என்று வீட்டில் பேர். என்னிடம்தான் கோளாறா? (மதுரை வாசகர்)

ப: தொழில் வழிகாட்டல் என்ற துறையையே தொடங்கிவைத்த ஃபிராங்க் பார்சன்ஸ் கதையை வீட்டில் சொல்லுங்கள். பொறியியல் படித்தார், ரயில்வேயில் வேலை பார்த்தார், இரும்பாலையில் உடல் உழைத்தார், பள்ளியில் பாடம் நடத்தினார், வக்கீலானார், சட்டம் கற்பித்தார், பாஸ்டன் மேயர் பதவிக்கும் நின்று பார்த்தார். 1908-இல், குடியேறிய ஏழைகள் நிறைந்த பாஸ்டன் பகுதியில், வேலை தேடுகிற இளைஞர்களுக்காக ஓர் அலுவலகம் திறந்தார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவருடைய புத்தகம் மறு ஆண்டுதான் வெளிவந்தது. அவர் கேட்டவை இன்றும் போதும்: உன்னை உனக்குத் தெரியுமா, அந்த வேலை உனக்குத் தெரியுமா, இரண்டையும் நேர்மையாகப் பொருத்திப் பார்த்தாயா?

பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் இரண்டாவதில் தடுக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விட்டுவந்த மூன்று வேலைகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பிடிக்காமல் போனது வேலையா, மேலாளரா, பயண தூரமா, சம்பளமா என்று பிரித்து எழுதுங்கள். மூன்றிலும் வேலைதான் என்றால் துறை மாற வேண்டும். மேலாளர்தான் என்றால் அடுத்த வேலைக்குச் சேரும் முன் அங்கே இருப்பவர்களிடம் அவரைப் பற்றி விசாரித்தால் போதும், துறையைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

கே: என் மகனுக்கு மருத்துவம்தான் பொருந்தும் என்று எனக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரியவில்லை. எப்படிப் புரிய வைப்பது? (வேலூர் வாசகர்)

ப: ஐயா, இரண்டு வெள்ளைத் தாள் எடுங்கள். அவனுக்கு எது நன்றாக வருகிறது, எதைச் சொல்லாமலே செய்கிறான் என்று நீங்கள் ஒன்றில் எழுதுங்கள். அவன் தனியாக இன்னொன்றில் எழுதட்டும். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒத்துப்போகிற வரிகள் அவனுடைய உண்மையான பலம். உங்கள் தாளில் மட்டும் இருப்பது உங்கள் ஆசையாக இருக்கலாம். அவன் தாளில் மட்டும் இருப்பதைப் பற்றி, திருத்தாமல், ஒரு மாலை முழுக்கக் கேளுங்கள். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ வழிகாட்டல் திட்டம் 2022 முதல் நடக்கிறது. அங்கே பையனை அழைத்துப் போங்கள். அவன் கேள்வித்தாளை நிரப்பும்போது மட்டும் வெளியே நில்லுங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் அப்பாவின் பதிலைத்தான் எழுதுவார்கள், பயத்தால் மட்டுமல்ல, பாசத்தாலும்.

கே: கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. மனசு வீணையில். வீணை சோறு போடாது. விட்டுவிடவா, பாய்ந்துவிடவா? (மயிலாப்பூர் வாசகி)

ப: இரண்டும் வேண்டாம். இங்கே பொக்காளி வயலைப் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்தேன். மழையில் உப்பு குறைந்ததும் ஜூனில் நெல் விதைக்கிறார்கள். ஆளுயரம் வளர்கிற, உப்பைத் தாங்குகிற நெல். அக்டோபர், நவம்பரில் தண்ணீரில் நின்றபடி கதிரை மட்டும் கொய்து, தாளை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அதன்பின் காயல் நீரை உள்ளே விட்டு ஏப்ரல் நடுவரை இறால். மட்கும் தாள் இறாலுக்குத் தீனி ஆகிறது, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம் ஆகிறது. நெல்லுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது என்று பலர் விதைப்பையே விட்டார்கள், பொக்காளிப் பரப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. நெல் இல்லாத வயலில் இறாலுக்கு அந்தத் தாளும் இல்லை. அதனால்தான் இரண்டையும் விடாமல் செய்கிறவர்களை மதிக்கிறேன்.

உங்கள் ஆண்டையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். ஜூலையிலும் செப்டம்பரிலும் உங்கள் அலுவலகத்தில் தலை நிமிர முடியாது, அப்போது வீணையைத் தொடாததற்காக வருந்தாதீர்கள். நவம்பரிலிருந்து மூச்சு விடலாம், மார்கழிக் கச்சேரிகளும் உங்கள் தெருவுக்கே வந்துவிடும். அந்த மாதங்களில் சனிக்கிழமை காலை இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் வீணை சொல்லிக்கொடுங்கள், காசு வாங்கிக்கொண்டே. மேடையா கற்பித்தலா எது இழுக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அடுத்த கணக்காண்டு தொடங்கும்போது, குழந்தைகள் இரண்டு பேராகவே இருக்கிறார்களா, ஆறு பேர் ஆகிவிட்டார்களா என்று எழுதுங்கள்.