சித்தம் யாருடையது?

கேள்வி: மண்சரிவில் தோட்ட லயத்து வீட்டோடு உறவுகளையும் இழந்தவர்களிடம், "கர்த்தர் சித்தம், பொறுத்துக்கொள்" என்கிறார்களே, இது நியாயமா?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: சொல்கிறவர் வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் சமதரையில்தான் இருக்கும்!

2014 அக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலையே இறங்கி வந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தால் வீடு மட்டுமா, வீடு இருந்த இடமே இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்பில் தூங்கியதற்கும் கர்த்தர் சித்தமா பொறுப்பு? பாவம், அவர் மேல் எத்தனையைத்தான் ஏற்றுவது!

வேதத்தைப் பாருங்கள்: சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று இயேசுவே சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்களோ ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பிறகு பிரசங்கம் ஆரம்பித்தார்கள், கெட்டது கதை! கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களை. முறையிட்டுத் தீர்த்த யோபுவை அல்ல. கடவுளோடு சண்டை போட்டவனும் அவரை நம்பியவன்தான். இல்லாதவரிடம் யார் முறையிடுவார்கள்?

நம் தோட்டத்துக் கிழவிகளுக்கு இந்த வேதபாடம் தெரியாது. செத்த வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பிளேன்டீயைக் கையில் கொடுத்து, "குடி தாயி" என்பார்கள். அவ்வளவுதான் பிரசங்கம்.