அபராதம் போட்ட ஐயாக்களுக்கு

பெறுநர்: நிர்வாகக் குழுவினர், ஃபீபஸ் மின்விளக்குக் கூட்டமைப்பு, ஜெனீவா.

பொருள்: பல்பின் ஆயுளைக் குறைத்தமைக்கு நன்றி – அபராத முறையைப் புதுப்பிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்களது 1924 டிசம்பர் ஒப்பந்தம்.

மதிப்பிற்குரிய ஐயா,

இரண்டாம் உலகப் போரோடு தாங்கள் கடையைக் கட்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலான பெரிய கம்பெனிகள் கூடி உட்கார்ந்து, 1,500, 2,000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்த பல்பை 1,000 மணி நேரத்துக்கு இறக்கியது லேசான காரியமா? கையெழுத்தோடு விட்டீர்களா? ஒவ்வொருவரும் மாதிரி பல்பு அனுப்ப வேண்டும், அதைச் சோதனைக்கூடத்தில் எரியவிட்டுப் பார்ப்பீர்கள், கூடுதலாக உழைத்துத் தொலைத்தால் செய்தவன் சுவிஸ் பிராங்கில் தண்டம் கட்ட வேண்டும். எங்கள் ஆபீஸ்களில் ஒழுங்காக உழைப்பவன் தலையில் இன்னும் நாலு ஃபைலைக் கட்டுவார்கள், அவ்வளவுதான். அபராதம் போடுகிற அளவுக்கு எங்களுக்கு மூளை போகவில்லை.

நீண்ட நாள் எரியும் குண்டு பல்பு வெளிச்சம் குறைவாகத் தரும், கரண்டைத் தின்னும் என்றீர்கள். பொய்யில்லை. ஆனால் அது வாங்குகிறவன் போட வேண்டிய கணக்காயிற்றே, அதற்கு எதற்கு ரகசிய ஒப்பந்தம் என்று கேட்கும் பொல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

இன்றைய நிலவரம் கேளுங்கள். அட்டையில் 25,000 மணி நேரம் என்று அச்சடித்த எல்இடி பல்பு, வருஷம் திரும்புவதற்குள் என் வீட்டில் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு அணைந்தது. தெருமுனை ரிப்பேர்க்காரர் மூடியை நெம்பிக் காட்டினார். அலுமினியத் தகட்டில் வட்டமாக மஞ்சள் சில்லுகள். ஒன்றின் நடுவில் மட்டும் கடுகளவு கரும்புள்ளி. எல்லாம் ஒரே தொடரில் கோத்தவை, ஒன்று போனால் மொத்தமும் அவுட். சில்லைக் குறைத்துக் கரண்டை ஏற்றி வெளிச்சத்தைப் பிழிகிறார்களாம், சூட்டில் வெந்துபோகிறது. செத்த சில்லின் இரு முனையையும் ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்தார். எரிந்தது. இருபது ரூபாய்.

ஒப்பந்தம் இல்லை, சோதனைக்கூடம் இல்லை, அபராதம் இல்லை. அவரவர் தனித்தனியாகவே தங்கள் பணியைத் தொடர்கிறார்கள். ஒரு கரும்புள்ளி மட்டும் உண்டு. 2016இல் துபாய் நகராட்சியோடு சேர்ந்து, சில்லைக் கூட்டிக் கரண்டைக் குறைத்து, நெடுநாள் உழைக்கும் பல்பைச் செய்துவிட்டது பிலிப்ஸ். தங்கள் பழைய உறுப்பினரே இப்படிச் செய்யலாமா? நல்லவேளை, எங்கள் ஊர் நகராட்சிகள் யாரையும் இப்படித் தொந்தரவு செய்வதில்லை.

ஆகவே ஐயா, கலிஃபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901இல் ஏற்றிய ஒரு பல்பு, மங்கலாகத்தான் என்றாலும், 2015இல் பத்து லட்சம் மணி நேரத்தைத் தாண்டியும் அணைய மறுக்கிறது. அதற்குரிய அபராதத்தைக் கணக்கிட்டு, வட்டியும் முதலுமாக வசூலிக்கத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாதாமாதம் பல்பு வாங்குபவன்

நகல்: தெருமுனை ரிப்பேர்க்காரர் (தலைமறைவாகும் பொருட்டு).