சுதேசி நுரையீரல்

2015இல் டெல்லியில் ஒரு பெரிய சந்தேகம் கிளம்பியது. புகையிலையால் புற்றுநோய் வரும் என்கிறார்களே, இந்தியனுக்கும் வருமா?

கேட்டது பெட்டிக்கடை வாசலில் நின்றவர் அல்ல. புகையிலை விதிகளை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் திலீப் காந்தி. ஆய்வெல்லாம் வெளிநாட்டில் நடந்தவை, இந்திய ஆய்வு எதுவும் நிரூபிக்கவில்லை என்றார். அப்படியானால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் போலும். 2011இல் மட்டும் புகையிலை நோய்களால் நாட்டுக்கு 1,04,500 கோடி ரூபாய் நட்டம் என்று கணக்கு வெளியிட்டது மத்திய சுகாதார அமைச்சகமேதான். அதையும் ஏதோ அந்நிய நாட்டு அமைச்சகம் என்று நினைத்துவிட்டார்கள்.

குழுவில் இன்னொருவர், அலகாபாத் எம்.பி. சியாமா சரண் குப்தா. பீடித் தொழிலதிபர். பீடிக்கட்டின் மேல் எச்சரிக்கைப் படம் எத்தனை பெரிதாக இருக்கலாம் என்று ஆராயும் குழுவில் பீடி முதலாளி! ஓயாமல் பீடி குடித்தும் நோயே வராதவர்களைக் காட்டுகிறேன் என்றார். காட்டலாம். வந்து செத்தவர்கள்தான் சாட்சி சொல்ல வரமாட்டார்களே. சர்க்கரையாலும்தான் நோய் வருகிறது என்று வேறு வாதாடினார்.

புகையிலைப் பொட்டலத்தில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2014 அக்டோபரில் அறிவித்தவர் அமைச்சர் ஹர்ஷ் வர்தன். காது மூக்கு தொண்டை டாக்டர். அடுத்த மாதமே வேறு துறைக்குப் போனார். தற்செயல். டெல்லியில் எல்லாமே தற்செயல். 2015 ஏப்ரல் 1இல் வரவேண்டிய விதி, குழு கண்ணசைத்ததும் நின்றது. ஏப்ரல் 1 என்று நாள் குறித்தபோதே நாம் உஷாராகியிருக்க வேண்டும். விதி நடைமுறைக்கு வர மேலும் ஓராண்டு ஆனது. அதற்குள் அந்தக் குழு, படத்துக்கு 50 சதவீதம் போதும் என்று பரிந்துரையும் எழுதிவிட்டது.

ஏன் என்று கேட்டால், பீடி சுற்றும் ஏழைப் பெண்களின் வயிற்றுப்பாடாம். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கண்ணீர் அங்கேயே வற்றிவிடும்.

இதில் அரசு நடுவர் அல்ல, பங்காளி. புகையிலையை வளர்க்க வணிக அமைச்சகத்தின் கீழ் குண்டூரில் ஒரு வாரியம். ஒழிக்கச் சுகாதார அமைச்சகத்தில் ஒரு திட்டம். இரண்டுக்கும் சம்பளம் நம் வரிப்பணம். நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐடிசியில் அரசின் எல்ஐசிக்கு ஏறத்தாழ 15 சதவீதப் பங்கு.

அதே எல்ஐசியில் டெர்ம் பாலிசி எடுக்கப் போங்கள். புகைப்பீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்றால் பிரீமியம் கூடும். எந்த இந்திய ஆய்வுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. சீக்கிரம் சாவீர்கள் என்று கணக்குப் போட்டு உங்களிடம் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் ஐடிசியிடம் டிவிடெண்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.