‘சர்வர் டவுன்’: நான்காம் வேற்றுமைத் தொகையா?

‘சர்வர் டவுன்’ என்னும் தொடரின் இலக்கணம் என்ன என்ற வினாவைத் தமிழாய்வுலகம் இதுவரை எழுப்பவில்லை. எழுப்பியிருக்க வேண்டியவர்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம். இவ்வாய்வாளர் நிற்கிறார், மாதத்தில் மூன்று நாள். நியாயமாக ஒரு நாள் போதும். மற்ற இரண்டும் சர்வர் வழங்கிய ஆய்வு நல்கை.

சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குவோம். ‘சர்வர்’ தமிழுக்குள் வந்தது ஓட்டல் வழியாக. 1964-இல் நாகேஷ் ‘சர்வர் சுந்தரம்’ ஆனபோது அச்சொல் ஐயத்துக்கு இடமில்லாத உயர்திணை ஆண்பால். அந்தச் சர்வர் பன்னிரண்டு பேர் கேட்டதை எழுதிக்கொள்ளாமல் கொண்டுவருவார். சாம்பார் தாமதமானால் முகம் தெரியும், திட்டலாம். பிற்காலச் சர்வருக்குக் குளிர்சாதன அறை உண்டு, முகம் கிடையாது.

இனி முதன்மைத் தரவு. காலை பத்தரை மணி, பில் போடும் மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி கேட்டார்:

“ஏன் தம்பி நிறுத்திட்ட?”

“சர்வர் டவுன் ஆயா.”

“டவுனா? அப்ப ரெண்டு மணி பஸ்லதான் வருவாரு.”

வரிசை சிரித்தது. ஆய்வாளர் சிரிக்கவில்லை, குறிப்பெடுத்தார். ஆயாவின் கொள்கைப்படி இத்தொடரில் ‘கு’ உருபு மறைந்து நிற்கிறது. சர்வர் டவுன், அதாவது சர்வர் டவுனுக்கு(ப் போயிருக்கிறார்). ஆங்கிலத்தில் ‘down’, ‘town’ என இரண்டு சொற்கள். தமிழ் இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதுகிறது. பொருளளவிலும் மறுக்க முடியவில்லை: எங்கள் கடைக்கான சர்வர் எங்கள் ஊரில் இல்லை, ஏதோ ஒரு டவுனில்தான் இருக்கிறது. (திருநெல்வேலிக்காரர்களுக்கு டவுன் என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பகுதி. அவர்கள் காதில் இத்தொடர் எப்படி விழும் என்பது தனி ஆய்வுக்குரியது.)

கணினி நின்றுபோனால் மேலைநாட்டார் பூச்சியைக் காரணம் காட்டுவர். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் ‘மார்க் 2’ கணிப்பொறியின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதைக் குறிப்பேட்டில் ஒட்டி, உண்மையாகவே பூச்சி கிடைத்த முதல் நிகழ்வு என்று எழுதிவைத்தார்கள். பழுதைப் ‘பூச்சி’ (bug) என்னும் வழக்கு எடிசன் காலத்திலேயே உண்டு. பூச்சி பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. இதில் நாம் வியக்க ஒன்றுமில்லை. ரேஷன் அரிசியில் எத்தனையோ வண்டுகளை எடுத்திருக்கிறோம். குறிப்பேட்டில் ஒட்டத் தோன்றவில்லை, அவ்வளவே.

இணையத்திடம் ஒரு நேர்மை இருப்பதையும் சொல்ல வேண்டும். பிழைகளுக்கு அது எண் தருகிறது. 4-இல் தொடங்கினால் பிழை கேட்டவருடையது. 404, இல்லாத பக்கத்தைக் கேட்டிருக்கிறீர்கள். 5-இல் தொடங்கினால் சர்வருடையது. 503, இப்போது இயலாது. 1998 ஏப்ரல் 1 அன்று வேடிக்கையாக 418 என்றொரு எண்ணும் வகுக்கப்பட்டது. டீக்கெட்டிலிடம் காபி கேட்டால், ‘நான் டீக்கெட்டில்’ என்று அது மறுக்க வேண்டும். ஓட்டல் சர்வருக்கும் கணினிச் சர்வருக்கும் உள்ள உறவுக்கு ஆய்வாளர் கண்ட ஒரே ஆவணச் சான்று இதுதான்.

கவுன்ட்டருக்கு வந்ததும் இந்த நேர்மை தொலைகிறது. இங்கே எல்லாப் பிழையும் நான்கில் தொடங்கும். விரல்ரேகை வந்த பிறகு, “உங்க ரேகை விழலை, கையை நல்லாத் தொடைங்க” என்பதே முதல் தீர்ப்பு. ஆயா ஐம்பது ஆண்டுகள் நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்து அழித்த ரேகை அது. புடவையில் துடைத்தால் திரும்பி வருமா? அவர் நான்கு முறை துடைத்தார். ஒவ்வொரு முறையும் குற்றவாளியைப் போல விரலைப் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் முறைதான் சர்வரே இல்லை என்று தெரிந்தது. தவறு விரலுடையது என்றபோது உரியவர் எதிரிலேயே நின்றார். சர்வருடையது என்றானதும் திட்ட ஆள் இல்லை.

மாற்று வழி உண்டா? 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. அன்று இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் கடை விற்பனையாளரின் சட்டைப் பையிலும் பேனா இருந்தது. கையால் எழுதினால் கணக்கு ஏறாது என்றார். அதனால் பேனா அவருக்கு முதுகு சொறிய உதவியது.

இரண்டு மணி பஸ் இரண்டே காலுக்கு வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். அதே நேரம் கடைக்குள் மெஷின் ‘கீ’ என்று கத்தியது.

“வந்துருச்சு ஆயா, விரலை வைங்க.”

ஆயா விரலை வைத்தபடியே, இறங்கிய நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.